எழுதாத புகாருக்குக் கோப்பு இல்லை

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்டார்கள். அங்கே சேர்த்த முதியவரைக் காணோம் என்று உறவினர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுதான் அதற்குத் தொடக்கம்.

இலவச இல்லத்தில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன்; அங்குள்ள செய்திகளையும் பார்ப்பதுண்டு. மாதம் ஆயிரக்கணக்கில் யூரோ வாங்கிய ஒர்பேயா முதியோர் இல்லங்களில், உணவையும் டயாபரையும்கூட அளந்தே கொடுத்தார்கள் என்று 2022இல் விக்தோர் கஸ்தானே எழுதிய நூல் குற்றம் சாட்டியது. குடும்பத்தாரின் புகார்களும் அதில் இருந்தன.

நம் மாப்பிள்ளையூரணியிலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீடுகள் உண்டு. இல்லத்தில் சேர்க்குமுன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். சேர்த்தபின், சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், வாய்ப் புகாருக்குக் கோப்பு கிடையாது.