பளிங்குச் சிலையும் உயிருள்ள கற்களும்

1949-ஆம் ஆண்டில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகருக்குக் கிழக்கே, வளமான வயல்களின் நடுவே ஒரு புதிய நகரம் எழத் தொடங்கியது. நோவா ஹூத்தா என்பது அதன் பெயர். 'புதிய உருக்காலை' என்பது பொருள். லெனின் பெயர் தாங்கிய மாபெரும் ஆலையையும், தொழிலாளர்க்கு வீடுகளையும் திட்டமிட்ட ஆட்சியாளர்கள், ஆலயத்திற்கு மட்டும் அங்கு இடம் வைக்கவில்லை.

அந்நகரின் தொடக்க நாள்களைத் திரையில் வடித்தவர் இயக்குநர் ஆந்திரே வாய்தா. 'பளிங்கு மனிதன்' என்னும் அவரது படத்தின் கதை எழுதப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் அரசின் இசைவுக்காகக் காத்திருந்து, 1977-இல்தான் வெளிவந்தது. அதன் நாயகன் பிர்கூத் ஓர் எளிய கொத்தனார். ஒரே பணி நேரத்தில் முப்பதாயிரம் செங்கற்களுக்குமேல் அடுக்கிச் சாதனை படைக்கிறான். அரசு அவனுக்குப் பளிங்கில் சிலை வடிக்கிறது. பின்னொரு நாள், வேலையின் நடுவே எவரோ நீட்டிய நெருப்பாய்க் காய்ந்த செங்கல் அவன் கைகளைப் பொசுக்குகிறது. பழி அவன் நண்பன்மேல் விழுகிறது. நண்பனுக்காக நீதி கேட்கப் புறப்பட்ட அன்றே அவன் அரசுக்கு வேண்டாதவனாகிறான். சிலை அருங்காட்சியகத்தின் கிடங்கில் முடங்குகிறது.

பிர்கூத்தின் முடிவைக் காட்டத் தணிக்கை இடம் தரவில்லை. 1970 டிசம்பரில் கடற்கரை நகரங்களில் தொழிலாளர்கள் சுடப்பட்டபோது அவனும் மாண்டான் என்பதை, 'இரும்பு மனிதன்' என்னும் அடுத்த படத்தில் வாய்தா வெளிப்படையாகவே சொன்னார். கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்ட அப்படம் 1981-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது.

திரைக்கு வெளியேயும் நோவா ஹூத்தாவிற்கு ஒரு வரலாறு உண்டு. ஆலயம் கட்ட அளித்த இசைவைத் திரும்பப் பெற்ற அரசு, 1960 ஏப்ரலில், மக்கள் நட்டிருந்த சிலுவையை அகற்ற முனைந்தது. முதலில் எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். அவர்களின் போராட்டம் வீண்போகவில்லை. 1967 முதல் பத்தாண்டுகள் உழைத்து, தங்கள் கைகளாலேயே மக்கள் ஆலயத்தை எழுப்பினர். 1977 மே 15 அன்று அதனை அர்ச்சித்தவர் கிராக்கோவ் பேராயர் கர்தினால் கரோல் வொய்த்திவா. மறு ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

பளிங்கு மனிதனும் ஆலயமும் மக்கள் முன் வந்தது ஒரே ஆண்டில் என்பதை எண்ணி வியக்கின்றோம். இரண்டும் கல்லின் கதைகளே. ஒன்றில் அதிகாரம் மனிதனைச் சிலையாக்கியது, பயன் தீர்ந்ததும் ஒதுக்கியது. மற்றதில் மனிதர்கள் தாமே கற்களாயினர்.

ஆயினும், பிறநாட்டு ஆட்சியாளரைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாமோ? நாமும் ஆலயங்கள் எழுப்புகின்றோம். கல்வெட்டில் அர்ச்சித்த ஆயரின் பெயர் உண்டு. பங்குத்தந்தையின் பெயரும், கொடையாளர் பெயரும் உண்டு. சாரத்தில் ஏறி நின்ற கொத்தனாரின் பெயரை எங்கே எழுதினோம்? அவர் கை புண்பட்ட நாளில் நாம் எங்கே இருந்தோம்? பிர்கூத்தின் பொசுங்கிய கைகள் நம்மிடமும் விடை கேட்கின்றன.