ஒம்புட்ஸ்மன் என்னுஞ் சொல்

அரசாங்க அலுவலரின் முறைகேட்டுக்கும் ஊழலுக்கும் எதிராகக் குடிமக்கள் முறையிடுதற்குரிய பதவியைப் பல நாடுகள் ஒம்புட்ஸ்மன் என்னும் சுவீடியச் சொல்லாலேயே சுட்டுகின்றன. பதவியோடு சொல்லும் நாடுவிட்டு நாடு சென்றது. சென்றவிடத்து அதன் பொருளும் வேறுபட்டது.

பழைய நோர்ஸ் மொழியில் 'உம்' என்பது 'பற்றி' எனவும் 'போத்' என்பது 'ஆணை' எனவும் பொருள்படும். இவை இணைந்த 'உம்போத்', ஒருவர் பொருட்டுக் கருமமாற்றுமாறு பெற்ற ஆணையைக் குறித்தது. அதனோடு உறவுடைய 'ஒம்புட்' என்னும் சுவீடியச் சொல்லுக்குப் பிரதிநிதி என்பது பொருள். ஆகவே ஒம்புட்ஸ்மன் என்பான் தண்டிப்போனுமல்லன், காப்போனுமல்லன், பிறர்க்காகச் செயலாற்றுவோனே.

அப்பிறர் யாவர்? வரலாறு இரு விடைகள் தருகின்றது. 1709இல் பொல்தாவாப் போரில் உருசியரிடம் தோற்ற பன்னிரண்டாம் சார்ல்ஸ் மன்னன் உதுமானியப் பேரரசிற் பல்லாண்டு தங்க நேர்ந்தது. தான் இல்லாத நாட்டில் அதிகாரிகள் நெறிபிறழாதிருத்தலைக் கண்காணிக்க 1713இல் அவன் தலைமை ஒம்புட்ஸ்மன் ஒருவரை ஏற்படுத்தினான். அவர் அரசனின் கண்ணாக விளங்கினார். 1809இல் நான்காம் குஸ்தாவ் அடோல்ப் மன்னன் முடியிழந்தபின் எழுந்த அரசியலமைப்போ, பாராளுமன்றத்தின் சார்பில் ஓர் ஒம்புட்ஸ்மனைத் தெரிவுசெய்யுமாறு விதித்தது. நீதிபதிகள்மீதும் வழக்குத் தொடரும் உரிமை அவருக்கு இருந்தது. சொல் மாறவில்லை, ஆணையிடுவோரே மாறினர்.

டென்மார்க்கில் 1955இலும் நியூசீலாந்தில் 1962இலும் இப்பதவி தொடங்கியது. இந்தியாவில் 1963இல் எல். எம். சிங்வி இதற்கு 'லோக்பால்' என்னும் பெயரைப் படைத்தார். உலோகபாலர் என்பது இந்திரன் முதலாய திசைக்காவலர்க்குப் புராணங்கள் வழங்கும் பெயர். பிரதிநிதி இங்கே காவலனானான். மக்களின் ஆணையைத் தாங்குவோன் என்ற கருத்து மறைந்து, மக்களுக்கு மேல்நின்று காப்போன் என்ற கருத்து முன்வந்தது. அக்காவலனுக்காகக் காத்திருந்த காலமும் நெடிது. 1968இல் முதன்முதற் கொணரப்பட்ட சட்டமூலத்தின் நோக்கம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நிறைவேறியது. முதல் லோக்பால் 2019இலேயே நியமிக்கப்பட்டார்.

இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் இப்பதவியை 'நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்' என்ற பெயரால் அமைத்தது. இலஞ்ச, ஊழற் குற்றச்சாட்டுகளை விசாரித்தற்கு 1994இல் தனி ஆணைக்குழு ஏற்பட்டது. ஆணையாளர் என்னும் தமிழ்ச்சொல், மொழிபெயர்த்தோர் கருதினும் கருதாவிடினும், நோர்ஸ் வேரின் பொருளை லோக்பால் என்பதினும் செவ்விதாகத் தாங்கி நிற்கின்றது.

காவலன் வருவானென மக்கள் காத்திருத்தல் கூடும். ஆணைபெற்றவனிடமோ ஆணையிட்டோர் கணக்குக் கேட்டல் வேண்டும். ஊழலை எதிர்க்கும் கடமை ஒருவனுக்கு ஒப்புவிக்கப்பட்டபோதும், அது ஒப்புவித்த மக்களை விட்டு நீங்குவதில்லை என்பதே இச்சொல் உணர்த்தும் உண்மையாகும்.