ஒரு மணி நேரத்தில் காசநோய் முடிவு: ‘ட்ரூநாட்’ சில்லு செயல்படும் விதம்

காசநோய்க் கிருமியைக் கண்டறிய நூறாண்டுகளுக்கும் மேலாக நுண்ணோக்கியே துணையாக இருந்து வந்தது. ஆனால், ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் புலப்படும். அதற்குக் குறைவாக இருப்பவர், நோயில்லை என்ற முடிவுடன் வீடு திரும்ப நேரிடும்.

இக்குறையைக் களைய வந்ததே கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ‘ட்ரூநாட்’ கருவி. சளியிலிருந்து பிரித்தெடுத்த மரபணுக் கரைசலில் 6 மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு சொட்டில் சிறு பகுதி, சில்லில் இடப்படுகிறது. அது மாறி மாறிச் சூடேறிக் குளிர்கையில் கிருமியின் மரபணு பன்மடங்காகப் பெருகி, ஒளிர்வின் வழியே வெளிப்படும். கரைசல் மிகச் சிறிதளவே என்பதால் பேட்டரியின் மின்சாரமே போதுமானது. சுமார் 1 மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். கிருமி இருப்பின், எஞ்சிய கரைசலை வேறொரு சில்லில் இட்டு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் அறியலாம். எந்த மருந்துகளைத் தருவது என்பது இதைப் பொறுத்தே அமையும்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் இதைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு, தனிச் சில்லுகளுடன் கரோனா பரிசோதனைக்கும் இக்கருவி பயன்பட்டது. ஒரு சில்லு ஒரு சோதனைக்கு மட்டுமே என்பதால், கருவி உள்ள மையங்கள் சில்லுகளின் இருப்பையும் தொடர்ந்து கவனிக்க வேண்டியுள்ளது.