மணவிலக்கும் நம் மக்களும் – புதுவைச் சட்ட வரலாற்றில் ஒரு பார்வை

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைத்து, நாள் முழுதும் உழைத்துக் குடும்பம் காக்கும் பெண்களை நாம் அறிவோம். மணவாழ்வு முறிந்தபின் பிள்ளைகளைத் தனியே வளர்ப்போரும் அவர்களுள் உளர். ஆனால், ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்து வாணிகம் செய்யும் இருவருக்கு மணவிலக்குச் சட்டம் வெவ்வேறாக இருத்தல் கூடும் என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். அதன் காரணம் நம் வரலாற்றிலேயே உள்ளது.

பிரெஞ்சு அரசு 1819ஆம் ஆண்டில் தன் சட்டத் தொகுப்பை இங்கு நடைமுறைப்படுத்தியபோது, குடும்பக் காரியங்களில் இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படியே ஆளப்படுவர் என்று விதித்தது. அவ்வழக்கங்கள் குறித்து நீதிமன்றங்களுக்குக் கருத்துரைக்க 1827இல் ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது. இவ்வாறு சாதிக்கட்டே சட்டக்கட்டாயிற்று.

இக்கட்டினின்று வெளியேற வழி திறந்தது 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை. தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக ஒருவர் பதிவு செய்து, குடும்பப் பெயர் ஒன்றை ஏற்பின், அவர் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்திற்கு உட்படுவார். துறந்ததை மீளப் பெற இயலாது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை இவ்வழியில் முன்னின்று 'லப்போர்த்' என்னும் பெயர் ஏற்றார். பின்தொடர்ந்தோருள் தாழ்த்தப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் மிகப் பலர். இவர்களே 'ரெனோன்சான்' எனப்பட்டனர்.

பிரான்சில் 1816இல் நீக்கப்பட்ட மணவிலக்கு 1884இல் மீண்டும் சட்டமாயிற்று. குற்றம் மெய்ப்பித்தவருக்கே விலக்கு. குற்றமற்றவருக்கு மற்றவர் வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத ஜீவனாம்சம் தரலாம். பிள்ளைகள் விலக்குப் பெற்றவரிடமே சேர்வர். அவர்கள் நலன் கருதி நீதிமன்றம் வேறுவிதமாகவும் ஆணையிடலாம்.

துறவாத நம் மக்களிடையே ஊர்ப் பஞ்சாயத்தின்முன் தீர்த்துவிடுதலும் அறுத்துக் கட்டுதலும் வழக்கில் இருந்தன. மணமுறிவு அறியாத சமூகம் அன்று நம்முடையது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை வாதிட்டபோது டாக்டர் அம்பேத்கர், சூத்திரர் எனப்பட்டோரிடையே மணவிலக்கு ஏற்கெனவே வழக்கில் உள்ளதென்று எடுத்துரைத்தார். மசோதா முடங்கவே 1951இல் பதவி துறந்தார். அவர் கண்ட கனவின் ஒரு பகுதி 1955இல் இந்துத் திருமணச் சட்டமாயிற்று. வழக்காற்று மணவிலக்கையும் அது காத்தது. ஆயினும் பஞ்சாயத்துத் தீர்வில் எழுத்தில்லை. எழுத்தில்லாதவிடத்துப் பெண்ணுக்கு ஜீவனாம்சமும் எளிதில் இல்லை.

1954 நவம்பர் 1இல் புதுவை இந்திய நிர்வாகத்தில் சேர்ந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இணைந்தது. 1963இல் இந்துத் திருமணச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாதென்று தனி விதி சேர்க்கப்பட்டது. ஆகவே, பாட்டனார் துறந்தாரா என்பதை அறியாது மனுப் போடின், வழக்கு அடிப்படையிலேயே தவறிப் போகலாம். வீட்டிலுள்ள பழைய பதிவுத்தாள்களைக் காத்தல் இதனாலேயே கடமையாகிறது.

இந்துத் திருமணச் சட்டத்தில் 1976 முதல் இருவர் இசைவாலும் விலக்குப் பெறலாம். வழக்கு நடக்கையிலேயே இடைக்கால உதவி கேட்கலாம். ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கும். எவ்விடத்தும் குழந்தையின் நலனே தலையாயது. 2020இல் உச்ச நீதிமன்றம், இருதரப்பாரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டுமென்றும், மனுச் செய்த நாள் முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்படுமென்றும் வகுத்தது.

எச்சட்டத்தின்கீழ் வாழ்வோர்க்கும் பொதுவான வழியும் ஒன்றுண்டு. பிழைக்க வழியற்ற மனைவியும், மறுமணம் செய்யாத விலக்குற்றவளும், குழந்தைகளும் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஜீவனாம்சம் கோரலாம். திங்களுக்கு 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001இல் நீங்கிற்று. 2024 ஜூலை முதல் இவ்வுரிமை புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவில் உள்ளது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டமோ, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராது இலவச வழக்கறிஞரை அளிக்கிறது.

சாதிச் சட்டத்தைத் துறக்க நம் முன்னோர் கையெழுத்திட்டனர். எழுதத் தெரியாதோர் பிறர் எழுதியதை நம்பினர். அவர்தம் வழிவந்தோர் இன்று படிக்கத் தெரிந்தவர்கள். கூடை சுமக்கும் தாய்க்கும் தமக்கைக்கும் அவ்வேடுகளைப் படித்துச் சொல்வதே கல்வி கற்றோர் செய்யத்தக்க முதற்பணி.