கடவுளை முன்னிட்டு ஒரு ரொட்டி

நவம்பர் 1-ஆம் நாள் சகல புனிதர்களின் திருநாள். 9-ஆம் நூற்றாண்டில், பாப்பரசர் 4-ஆம் கிரகோரியார் காலத்தில், இத்திருநாள் மேற்றிசைத் திருச்சபையெங்கும் பரவியது. மறுநாள் மரித்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் வழக்கத்தை ஏறக்குறைய கி.பி. 1000-இல் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ தம் மடங்களில் ஏற்படுத்தினார். அடுத்தடுத்து வரும் இவ்விரு நாட்களையும் போர்த்துக்கல் நாட்டு மக்கள் எவ்வாறு அனுசரிக்கின்றனர் என்பது நாம் அறியத்தக்கது.

அந்நாட்டின் பல ஊர்களில் அன்று காலையில் சிறுவர் சிறுமியர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டமாகப் புறப்படுவர். பை பெரும்பாலும் வீட்டில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு தைத்ததாயிருக்கும். வீடு வீடாய்ச் சென்று, "பாவோ பொர் தேவுஸ்" என்று கேட்பர். 'கடவுளை முன்னிட்டு ரொட்டி தாருங்கள்' என்பது பொருள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்று சொல்லுவது இதே போர்த்துக்கீசியச் சொல்லால்தான்.

வீட்டார் ரொட்டியும், இலவங்கப்பட்டை மணக்கும் சிறு பணியாரங்களும், அத்திப்பழ வற்றலும், அக்ரூட்டும், மாதுளையும் பையிலிடுவர். இக்காலத்தில் மிட்டாயும் சில்லறைக் காசும் சேர்ந்துவிட்டன. லெய்ரியாப் பகுதியில் இந்நாளுக்குப் 'பணியார நாள்' என்றே பெயர். கதவைத் திறவாத வீட்டாரைப் பரிகசிக்கவும் பிள்ளைகளிடம் பாட்டு உண்டு!

இது வெறும் விளையாட்டன்று. மரித்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்த பழைய தர்மத்திலிருந்து வளர்ந்த வழக்கம் இது. கேட்பவர் கடவுள் பெயரால் கேட்கிறார். கொடுப்பவர் தம் வீட்டில் மரித்தோரை நினைத்துக் கொடுக்கிறார்.

1755-ஆம் ஆண்டு இதே திருநாள் காலையில் லிஸ்பன் நகரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. பூசை காணக் கூடியிருந்தோர் மேல் ஆலயங்கள் இடிந்து விழுந்தன. பின்னர் கடல் பொங்கி வந்தது. பீடங்களிலும் வீடுகளிலும் எரிந்த விளக்குகளால் மூண்ட தீ பல நாள் அணையவில்லை. பல்லாயிரம் பேர் மாண்டனர். மறு ஆண்டு இத்திருநாளில், எல்லாம் இழந்தவர்கள் வீடு வீடாய்ச் சென்று இதே சொற்களால் ரொட்டி கேட்டார்கள் என்று அந்நாட்டார் பரம்பரையாகச் சொல்லி வருகின்றனர்.

அண்மைக் காலத்திலும் ஒரு சோதனை வந்தது. பொருளாதார நெருக்கடியின்போது, திருப்பீடத்துடன் பேசி உடன்பட்டபின், 2013 முதல் அரசு இந்நாளின் விடுமுறையை நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 1 வெள்ளிக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளி; பெரியோருக்கு வேலை. நவம்பர் 2 அங்கு விடுமுறையன்று. ஆதலால் குடும்பங்கள் முதல் நாளிலேயே கல்லறைக்குச் சென்று செவ்வந்திப் பூ வைத்து வேண்டுவது வழக்கம். அதற்கும் இடையூறு நேர்ந்தது. அடுத்த இரு ஆண்டுகளும் அந்நாள் சனி, ஞாயிறுகளில் வந்தது. 2016-இல் விடுமுறை மீண்டும் கிடைத்தது.

இன்று நகரங்களில் முந்தின இரவின் 'ஹாலோவீன்' வேடங்கள் பெருகி வருகின்றன. இரண்டிலும் பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். இரண்டிலும் இனிப்புக் கிடைக்கிறது. ஆனால் ஒன்றில் பயமுறுத்திக் கேட்கிறார்கள். மற்றதில் கடவுளை முன்னிட்டுக் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை எந்தப் பெயரைச் சொல்லிக் கை நீட்டப் பழகுகிறதோ, அந்தப் பெயரைச் சொல்லியே பிறருக்குக் கொடுக்கவும் பழகும். மரித்தோருக்காக நாம் ஒப்புக்கொடுக்கும் பூசையோடு பசித்த ஒருவருக்கு ஒரு வேளை உணவும் சேருமானால், அந்தத் துணிப்பையின் பொருளை நாமும் உணர்ந்தவர்களாவோம்.