தன்ஜீமாத்: ஒரு சொல்லின் வரலாறு

உதுமானியத் துருக்கியின் வரலாற்றில் 1839 முதல் 1876 வரையிலான காலத்தைத் 'தன்ஜீமாத்' காலம் என்பர். சீர்திருத்தம் என்று அதனைப் பெயர்த்துரைப்பது வழக்கம். ஆயினும் சொல்லின் நேர்ப்பொருள் அதுவன்று.

முத்துகளை நூலில் கோப்பதற்கும், சொற்களைக் கவிதையாக யாப்பதற்கும் அரபியர் ஆளும் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். 'நிஜாம்' என்றால் ஒழுங்கு. 'தன்ஜீம்' என்றால் ஒழுங்குபடுத்துதல். அதன் பன்மையே 'தன்ஜீமாத்'. நம் இல்லங்களில் வழங்கும் நிஜாமுத்தீன் என்னும் பெயரும் இவ்வேரினதே.

முன்னர் மூன்றாம் ஸலீம் தம் சீர்திருத்தத்திற்கு 'நிஜாமே ஜதீத்', அதாவது புதிய ஒழுங்கு, என்று பெயரிட்டார். 1807-ல் ஜானிஸாரிப் படையினரின் கிளர்ச்சியால் அவர் அரியணை இழந்தார். பின்வந்தோர் கொண்ட பெயரில் 'புதிய' என்னும் அடைமொழி இல்லை என்பது கருதத்தக்கது.

ஹிஜ்ரி 1255 ஷஃபான் 26-ஆம் நாள் (1839 நவம்பர் 3), இஸ்தான்புல் குல்ஹானே பூங்காவில் சுல்தான் அப்துல் மஜீதின் ஆணையை முஸ்தஃபா ரஷீத் பாஷா படித்தார். திருக்குர்ஆனையும் ஷரீஅத்தையும் பேணாமையால் நூற்றைம்பது ஆண்டுகளாக நாடு நலிவுற்றது என்று தொடங்கிய அவ்வாணை, குடிகள் அனைவருக்கும் உயிர், மானம், பொருள் ஆகியவற்றின் பாதுகாப்பையும், வரையறுத்த வரியையும், வெளிப்படையான விசாரணையின்றித் தண்டனையில்லை என்பதையும் உறுதியளித்தது. 1856-ல் வெளியான அடுத்த ஆணையோ 'இஸ்லாஹாத்' எனப் பெயர் பெற்றது. தன்ஜீம் கலைந்ததை அடுக்குவது. இஸ்லாஹ் பழுதானதைச் செப்பனிடுவது.

சொல்லின் பொருளை முழுமையாக நிறைவேற்றிய பணி, அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பெற்ற 'மஜல்லா'. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் பரந்து கிடந்த உரிமையியற் சட்டங்கள் 1851 பிரிவுகளாகக் கோக்கப்பட்டன.

எனினும் ஒரு குறை நின்றது. ஒழுங்குபடுத்தியோர் அமைச்சர்களே; குடிகளைக் கலந்தோர் அரியர். 1868-ல் இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஹுர்ரியத்' இதழில் நாமிக் கமால் இதனையே வினவினார். கலந்தாலோசிக்குமாறு திருமறை பணித்திருப்பதை நினைவூட்டினார். 1876-ல் அரசியல் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு கூடிய நாடாளுமன்றத்தை 1878-ல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் மூடினார். அது மீண்டும் கூட 1908 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று உருதுவில் 'தன்ஜீம்' என்பது அமைப்பு, கழகம் என்னும் பொருளில் வழங்குகிறது. அப்பெயர் தாங்கும் எவ்வமைப்பும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: இங்கே ஒழுங்கு இருக்கிறது, மஷூரா இருக்கிறதா?