பெயரும் மருந்தும்

சேலம் நகரிலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறும் பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறது. அங்கே உயர்ந்த மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் நம்மை எதிர்கொள்கின்றன. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவரே இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தியவர். மலையிலிருந்து மூட்டையாக இறங்கும்போது அதற்குக் காப்பிக் கொட்டை என்பது ஒன்றே பெயர். வறுத்து அரைத்துப் பொட்டலத்தில் அடைத்த பின்னர், வணிகர் சூட்டும் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயரோடு விலையும் ஏறுகிறது. காப்பியைப் பொறுத்தவரை இதில் பெருந்தீங்கு இல்லை. விலை கட்டாவிட்டால் வேறொன்றை வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். மருந்தில், அதிலும் மனச்சோர்வு நோய்க்கு உண்ணும் மருந்தில், அவ்வாறு விட்டுவிட இயலுமா?

மனச்சோர்வு என்பது மலைக்காற்றில் இரண்டு நாள் உலாவினால் தீர்ந்துவிடும் சலிப்பு அன்று. உறக்கத்தையும் பசியையும் உழைக்கும் ஆற்றலையும், சில வேளைகளில் உயிரையுமே கவர்ந்துவிடும் நோய் அது. அதற்குரிய மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குணம் கண்ட பின்னரும் ஆறு திங்களுக்குக் குறையாமல் உண்ணவேண்டும் என்பது மருத்துவர் கூறும் முறை. இடையில் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். ஆகவே மருந்தின் விலை, ஒருமுறை கொடுத்துவிட்டு மறக்கும் செலவாக இராமல், திங்கள்தோறும் எழுந்து நிற்கும் கேள்வியாக இருக்கிறது.

இம்மருந்துகளின் வரலாறு நெடியதன்று. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுடைய உள்ளமும் மலர்ந்ததை மருத்துவர்கள் கண்டனர். 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்னும் மருத்துவர், இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை உலகிற்கு அறிவித்தார். அதனைக் கண்ட கெய்கி கம்பெனி, டோஃப்ரானில் என்னும் பெயரில் விற்றது. மருந்து ஒன்று, பெயர் இரண்டு என்பதை இங்கே காண்கிறோம். இமிப்ரமின் என்பது பொதுப்பெயர், எவரும் வழங்கலாம். டோஃப்ரானில் என்பது வணிகப்பெயர், உரியவரே வழங்கலாம். பொதுப்பெயர்களின் முதற் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1953இல் வெளியிட்டது.

பெயரைத் தவிரப் பொருளையே ஒருவர் தமக்கென வேலியிட்டுக்கொள்ள வழிசெய்வது காப்புரிமைச் சட்டம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1911இல் இயற்றப்பட்ட சட்டம், விடுதலைக்குப் பின்னரும் நெடுநாள் நிலைத்திருந்தது. அதனை ஆராயும் பொறுப்பு, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்சநீதிமன்றத்திற்குச் சென்ற என். இராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையவை என்பதையும், அவற்றுள் பெரும்பகுதி இந்நாட்டில் உற்பத்திக்கே கொண்டுவரப்படாதவை என்பதையும் 1959இல் தம் அறிக்கையில் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வறிக்கையின் வழியில் பிறந்ததே 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரல் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே அச்சட்டம் உரிமை வழங்கியது. மருந்துப் பொருளுக்கு வழங்கவில்லை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய எவருக்கும் வழி திறந்தது.

அவ்வழியே நம் நாட்டுத் தொழில் வளர்ந்தது. 1983இல் குஜராத்தின் வாபியில் தோன்றிய சன் பார்மா, மனநோய்க்கான ஐந்து மருந்துகளைக் கொண்டே தன் வணிகத்தைத் தொடங்கியது. மறுகோடியில், அமெரிக்காவின் இலாய் லில்லி கம்பெனி புளுவாக்ஸிட்டீன் என்னும் மருந்தைப் புரோசாக் என்னும் பெயரில் விற்றுப் பெரும்பொருள் ஈட்டியது. 1987இன் இறுதியில் அந்நாட்டு அரசின் ஒப்புதல் பெற்ற அம்மருந்தின் காப்புரிமை, 2001 ஆகஸ்டில் முடிந்தது. அப்போது அதன் 40 மில்லிகிராம் வடிவத்தைப் பொதுப்பெயரில் முதன்முதல் அமெரிக்கச் சந்தையில் வைத்தது ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி. 180 நாட்களுக்கு அவ்வடிவத்தைப் பொதுப்பெயரில் விற்கும் தனியுரிமையும் அதற்குக் கிட்டியது. 2005இல் நம் நாட்டிலும் பொருளுக்கான காப்புரிமை மீண்டும் வந்தது. எனினும் மனச்சோர்வுக்கான பழைய மருந்துகள் வேலிக்கு வெளியிலேயே நிற்கின்றன.

விலை குறைந்தது குணத்திலும் குறைந்ததாயிருக்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அது முற்றும் வீண் ஐயமும் அன்று. புப்ரோபியான் என்னும் மருந்தைச் சிறிது சிறிதாக உடலில் கலக்கும்படி செய்த பொதுப்பெயர் மாத்திரை ஒன்று, மூலமருந்துக்கு நிகராக வேலை செய்யவில்லை என்று 2012இல் அமெரிக்க அரசு கண்டு அதனை விலக்கியது. நோயாளர் பலர் முன்னரே முறையிட்டிருந்தனர். இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு: நம்பிக்கைக்குரியது பெயரும் அன்று, மலிவும் அன்று, சோதனையே. சோதிக்கப்பட்ட மருந்து எப்பெயரில் வந்தாலும் மருந்துதான்.

நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. காப்புரிமை நீங்கிய மருந்துக்கும் கம்பெனிக்கு ஒரு பெயர் இடப்படுகிறது. ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப்பழம் பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். சென்ற திங்கள் வாங்கிய மாத்திரை ஒரு பெயர், ஒரு நிறம். இத்திங்கள் வேறு பெயர், வேறு நிறம். இது நம் மருந்தன்று என்று அவள் நிறுத்திவிடலாம். அல்லது இரண்டையும் சேர்த்தே உண்டுவிடலாம். இரண்டும் கேடே. இயன்ற வரை பொதுப்பெயரால் மருந்தெழுதவேண்டும் என மருத்துவர்க்கு 2002ஆம் ஆண்டின் நெறிமுறை கூறியதன் பொருளை இங்கே உணரலாம்.

இச்சிக்கலுக்குத் தமிழகம் கண்ட விடை குறிப்பிடத்தக்கது. 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டும் மருந்துகளைப் பொதுப்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. முதலில் செய்வோரின் தகுதி பார்க்கப்படும்; பின்னரே விலை பார்க்கப்படும். வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்துச் சோதனைக்கூடத்திற்கு அனுப்புகின்றனர். பெயரை மறைத்தே பொருளை எடைபோடும் இம்முறை, நான் கூறவந்த கருத்தின் சுருக்கமே எனலாம். மனநோயாளர்க்கு இன்றியமையா மருந்துகளை அரசு மருத்துவ நிலையங்கள் எந்நேரமும் விலையின்றி வழங்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் விதித்துள்ளது.

புதியதொன்றைக் கண்டவருக்கு ஊதியம் வேண்டாம் என்று எவரும் சொல்லார். ஆனால் அவ்வூதியத்திற்கு ஒரு காலவரை உண்டு. அது கடந்தபின் மருந்து மக்களுடையது. ஆகவே உங்கள் வீட்டில் எவரேனும் இம்மருந்தை உண்பவராயின், சீட்டில் உள்ள வணிகப்பெயரோடு அதன் பொதுப்பெயரையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதனைத் தாமாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். அவரிடமே கேட்டு மாற்றுங்கள். மலையில் விளைந்த காப்பி எவர் பெயரில் விற்றாலும் காப்பியே என்பதை அறிந்த ஏற்காட்டு மக்களுக்கு, இதனை விளங்கிக்கொள்வது அரிதாகாது.